நாலாம் நம்பர் பாட்டு

பெரியண்ணன் பாண்டுக்கு ஏழு பாட்டுத் தெரியும். எதற்கும் பெயர் கிடையாது, நம்பர்தான். ஒரு பாட்டு முடிந்ததும் முன்னால் நடக்கும் பெரியண்ணன் கிளாரினெட்டை வலக் கைக்கு மாற்றிக்கொண்டு, இடக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுவந்து விரலைக் காட்டுவார். இரண்டு விரல் என்றால் இரண்டாம் நம்பர். ஐந்தையும் விரித்தால் ஐந்தாம் நம்பர். ஆறும் ஏழும் திருவிழாவுக்கு மட்டுமே என்பதால் ஒரு கை போதுமானதாக இருந்தது.

இவற்றில் அதிகம் உழைத்தது நாலாம் நம்பர். பெரியண்ணன் இளவயதில் திருச்சிராப்பள்ளிப் பட்டாளத்து மைதானத்தின் வேலிக்கு வெளியே நின்று கேட்டுப் பிடித்துக்கொண்ட வெள்ளைக்காரன் பாட்டு அது. அதற்கு வார்த்தை உண்டா, இருந்தால் அது என்ன சொல்கிறது என்பதெல்லாம் பாண்டில் யாருக்கும் தெரியாது. வேகமாக வாசித்தால் கல்யாணத்துக்கு ஆகும். மெதுவாக வாசித்தால் சாவுக்கு ஆகும். இரண்டுக்கும் நடுவில் பிடித்து நிறுத்தினால் மாதா கோயில் தேருக்கும் பொருந்தும். புதுக்கோட்டைச் சீமையில் கிழக்கே ஆலங்குடியிலிருந்து மேற்கே அன்னவாசல் வரை அந்தப் பாட்டு நடக்காத தெரு குறைவு. கல்யாணத்தில் கேட்டதும் சாவில் கேட்டதும் ஒரே பாட்டு என்று மட்டும் அதுவரை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

பாண்டு என்பது நாலே பேர்தான். பெரியண்ணன் கிளாரினெட். குழந்தைசாமி சின்ன டிரம்மு. திருப்பதி தாளம். ஆண்டியப்பன் பெரிய டிரம்மு. நாலு பேருக்கும் சிவப்புக் கோட்டும் பித்தளைப் பொத்தானும் உண்டு. அது இடுப்பு வரைக்கும்தான். கீழே வேட்டி, அதற்கும் கீழே வெறுங்கால். பெரியண்ணனிடம் மட்டும் ஒரு ஜோடி கான்வாஸ் ஷூ இருந்தது.

ஆண்டியப்பன் கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவன். உலகச் சண்டை வந்ததும் ஊருக்குத் திரும்பிவிட்டான். உடம்பு பலமாக இருக்கிறதே என்று பெரியண்ணன் அவனைச் சேர்த்துக்கொண்டார். டிரம்மைச் சுமக்க உடம்பு போதும், அடிப்பதற்குத் தாளம் வேண்டும். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே அடிக்கச் சொன்னால் ஆண்டியப்பன் எண்ணுவான், அடிக்க மறந்துவிடுவான். அடித்தால் எண்ண மறந்துவிடுவான். ஒரு வாரம் பார்த்துவிட்டுப் பெரியண்ணன் சொன்னார்:

"நீ எண்ணாதடா. நட. இடது காலு தரையில படுறப்ப ஒரு அடி. அம்புட்டுத்தான்."

அன்றிலிருந்து அந்த இடது கால்தான் பாண்டுக்குக் கடிகாரம். கால் போகிற வேகத்தில் பெரிய டிரம்மு போகும். அதைப் பிடித்துக்கொண்டு சின்ன டிரம்மும் தாளமும் போகும். கிளாரினெட் அவற்றின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். சாவு வீட்டில் மட்டும், தூக்குவதற்கு முன்னால், "ஆண்டி, பைய நட" என்று பெரியண்ணன் காதில் சொல்லிவிடுவார்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒரே ஒரு சிக்கல் இருந்தது. அதன் பெயர் மருதாயி.

ஆண்டியப்பனின் அக்கா ராசாத்தி வாழ்க்கைப்பட்ட ஊர் வேலாம்பட்டி. குடுமியான்மலைக்குப் போகிற வழியில், அன்னவாசலிலிருந்து நடக்கிற தூரம். ஒருமுறை அவன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது சல்லடை இரவல் வாங்க வந்த பெண், மூலையில் இருந்த டிரம்மைப் பார்த்து, "இதுக்குள்ள என்னங்க இருக்கு?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லை. காத்துத்தான்."

"காத்தைத் தூக்கவா இம்புட்டுப் பெரிய ஆளு?" என்று சொல்லிவிட்டுச் சல்லடையோடு போய்விட்டாள்.

அதற்கு என்ன பதில் சொல்வது என்று ஆண்டியப்பன் பல மாதமாக யோசித்துக்கொண்டிருந்தான். இன்னும் கிடைக்கவில்லை.

ராசாத்தி போய் மருதாயியின் தாய் முனியாயியிடம் பேச்சைப் போட்டாள். முனியாயி புருஷனை இழந்து மகளைத் தனியாக வளர்த்தவள். சுற்றி வளைக்காமல் பேசுவாள்.

"பையன் சாவுக்கெல்லாம் போறானா? பொணத்துக்கு முன்னாடி நடந்துட்டு வந்து எம்மக கையில சோறு கேக்குறவனுக்கு நான் பொண்ணு குடுக்க மாட்டேன்."

"ஆத்தாடி!" என்று ராசாத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "எந்தம்பி பாண்டு சாவுப் பக்கமே தலை வச்சுப் படுக்காதே. நல்ல காரியம் மட்டுந்தான்."

"எங்கண்ணன் மக கல்யாணத்துக்கு வரச் சொல்லு. பாத்துட்டுச் சொல்றேன்."

அந்தக் கல்யாணத்துக்குத்தான் இப்போது போய்க்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் ஆலங்குடியில் ஒரு சாவு.

*

சண்டைக்காலம். பெட்ரோலெல்லாம் சண்டைக்குப் போய்விட்டதால் பஸ்கள் கரியில் ஓடின. பஸ்ஸின் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு உருளை. அதில் கரியைப் போட்டு, காற்றைக் குறைத்து, அரைகுறையாக எரிய விட்டால் ஒரு வாயு வரும். அந்த வாயுவில் எஞ்சின் ஓடும். சமதரையில் நன்றாகவே ஓடும். மேட்டைக் கண்டால் யோசிக்கும்.

அன்னவாசலுக்கு முன்னால் ஒரு மேட்டில் பஸ் வெகுநேரம் யோசித்தது. டிரைவர் நாகராசு தலையை வெளியே நீட்டினான்.

"எல்லாரும் எறங்குங்க. தள்ளணும்."

"அப்புறம் எதுக்குய்யா டிக்கெட்டு வாங்குனோம்?" என்றான் திருப்பதி.

"எறக்கத்துல ஒக்காந்து போறதுக்கு."

ஒரு பிள்ளைத்தாய்ச்சியையும் இரண்டு வெள்ளாட்டையும் தவிர எல்லோரும் இறங்கினார்கள். கரி ஒட்டிவிடும் என்று பெரியண்ணன் நாலு கோட்டையும் கழற்றச் சொல்லி மடித்து உள்ளே வைத்தார்.

"சும்மாத்தானே தள்ளுறீங்க, ஒரு பாட்டு வாசிச்சுக்கிட்டே தள்ளலாம்ல?" என்று நாகராசு முன்னாலிருந்து கத்தினான்.

"நாலாம் நம்பர வாசிச்சா ஒன் பஸ்ஸு மேட்டுக்குப் போகுமா, மயானத்துக்குப் போகுமான்னு என்னால சொல்ல முடியாதப்பா" என்றார் பெரியண்ணன்.

ஆண்டியப்பனுக்கு இடதுபக்க மூலை கிடைத்தது. கப்பி ரோட்டின் ஓரத்தில், புழுதியில் கால் ஊன்றித் தோளைக் கொடுத்தான். பஸ் அசைந்தது. அவனுடைய இடது உள்ளங்காலில் ஏதோ சுருக்கென்று ஏறியது. நிறுத்தினால் பஸ் பின்னால் வந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு மேடு முடிகிற வரைக்கும் தள்ளினான்.

மேலே போய்க் காலைத் திருப்பிப் பார்த்தால், உடைமரத்து முள். வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதி ஒடிந்துபோய், மீதி உள்ளே இருந்தது.

குழந்தைசாமி குனிந்து பார்த்தான். "கருப்பாத் தெரியுது. ஆழத்துல இருக்கு."

திருப்பதியின் கோட்டில் மேல் பொத்தான் இல்லை. அந்த இடத்தில் ஊக்குக் குத்தியிருப்பான். அதைக் கழற்றிக்கொண்டு வந்து, ஓடுகிற பஸ்ஸில் ஆண்டியப்பனின் காலை மடியில் வைத்துக் குடைந்தான். ஒவ்வொரு பள்ளத்துக்கும் முள் கொஞ்சம் உள்ளே போனது.

"விடுடா சாமி" என்று ஆண்டியப்பன் காலைப் பிடுங்கிக்கொண்டான். "ஊருக்குப் போயி எடுத்துக்கலாம்."

ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய ஆரம்பித்துவிட்டது. அன்னவாசலில் அவர்களுக்காகக் காத்திருந்த மாட்டு வண்டி, பஸ் வராது என்று முடிவு கட்டித் திரும்பிப் போயிருந்தது. நடந்தார்கள். ஆண்டியப்பன் டிரம்மைச் சுமந்துகொண்டு, இடது காலின் ஓரத்தை மட்டும் ஊன்றி, நண்டு மாதிரி நடந்தான்.

ஊருணிக் கரையில் ராசாத்தி நின்றுகொண்டிருந்தாள்.

"ஏன்டா இம்புட்டு நேரம்? மாப்பிள்ளை வீட்டு ஆளுக கோயில்ல நின்னு குதிக்கிறாக. இங்கெ பாரு தம்பி, பெரிய தெருவுல வேப்ப மரத்தடியில முனியாயி நிப்பா. நெஞ்சை நிமித்தி நட. அவ ஒன்னையத்தான் பாப்பா."

"அக்கா, காலுல முள்ளு..."

"முள்ளையெல்லாம் நாளைக்குப் பாத்துக்கலாம், போ."

பிள்ளையார் கோயில் வாசலில் அலங்காரம் செய்த வில்வண்டி நின்றது. அதில் மாப்பிள்ளை, மாலையோடு, வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தான். வண்டியைச் சுற்றி அவனுடைய தாய்மாமன் பெரியகருப்பன் மீசையை முறுக்கிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். பாண்டைக் கண்டதும் பாய்ந்து வந்தார்.

"வந்துட்டீகளாய்யா! பொண்ணு வீட்டுல வெளக்கு வச்சு, அணைச்சுப் படுத்தப்பறம் மாப்பிள்ளை போயிச் சேரவா? அடிங்கய்யா!"

கோட்டை மாட்டிக்கொள்ளவே நேரம் போதவில்லை. திருப்பதியின் கோட்டு மேலே திறந்தே கிடந்தது. ஊக்கு பஸ்ஸோடு போய்விட்டது.

*

முதல் தெருவில் இரண்டு விரல். இரண்டாம் நம்பர் குட்டிப் பாட்டு. ஆண்டியப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்து முடித்துவிட்டான். பெரிய தெருவில் திரும்பும்போது பெரியண்ணன் முதுகுக்குப் பின்னால் நாலு விரல் தெரிந்தது.

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. இளவட்டங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு முன்னால் ஆட வந்துவிட்டார்கள். சாணம் தெளித்த தெரு முடிந்து பருக்கைக்கல் கிடக்கிற இடம் வந்ததும் ஆண்டியப்பனின் இடது கால், தரையில் படலாமா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கியது. பிறகு பட்டது. டம். அடுத்த முறை இன்னும் கொஞ்சம் தயங்கியது.

டம்.

காலை விட்டுவிட்டுக் கையை மட்டும் வேகமாக அடிக்கப் பார்த்தான். கை ஒருபக்கம் போனது, கால் ஒருபக்கம் போனது, இரண்டு அடி ஒன்றாக விழுந்தது. குழந்தைசாமி திரும்பி முறைத்தான். ஆண்டியப்பன் பயந்துபோய் மறுபடி காலையே பிடித்துக்கொண்டான். அவனுக்குத் தெரிந்த தாளம் அது ஒன்றுதான்.

பெரியண்ணன் முன்னாலிருந்து இழுத்துப் பார்த்தார். கிளாரினெட் கீச்சென்று கத்தியது. டிரம்மை விட்டுத் தனியாக ஓடுகிற கிளாரினெட், கன்று அறுத்துக்கொண்டு ஓடின மாதிரி இருந்தது. வேறு வழியில்லாமல் அவரும் திரும்பி வந்து டிரம்மோடு சேர்ந்துகொண்டார்.

பாட்டு மெதுவாகியது. இன்னும் மெதுவாகியது.

ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு அடுத்த காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவர்களில் ஒருவன் தன்னை அறியாமல் மடித்துக் கட்டின வேட்டியை இறக்கி விட்டுக்கொண்டான். தெருவோரம் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து நின்று தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். வண்டி மாடுகள்கூடத் தலையைத் தொங்கப் போட்டன. மாப்பிள்ளை அசையாமல் உட்கார்ந்திருந்தான். அதுவும் பார்க்க நன்றாக இல்லை.

'ஐயோ, இது நேத்து ஆலங்குடி நடை' என்று ஆண்டியப்பனுக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன செய்வது? வேப்ப மரம் வந்துவிட்டது.

மரத்தடியில், கூட்டத்தைவிட்டுச் சற்றுத் தள்ளி, வெள்ளைச் சேலையில் முனியாயி நின்றாள். அவள் பார்வை ஆண்டியப்பன் மேல்தான் இருந்தது. பிறகு அது அவன் மேல் இல்லை. எங்கேயோ போய்விட்டது. அவள் வாய் திறந்தது.

"என் ராசாவே..."

இரண்டே வார்த்தை. ஆனால் தெரு முழுக்கக் கேட்கிற ஒப்பாரிக் குரல். அடுத்த கணம் முந்தானையை அள்ளி வாயில் அடைத்துக்கொண்டாள்.

எல்லாம் நின்றது. பாட்டு நின்றது, மாடு நின்றது.

"எவ அவ?" பெரியகருப்பன் வண்டிக்குப் பின்னாலிருந்து பாய்ந்து முன்னால் வந்தார். "நல்ல காரியத்துல ஒப்பாரி வைக்கிறது எவ? இங்கிட்டு வரச் சொல்லு அவளை! வண்டியைத் திருப்புடா!"

வண்டியைத் திருப்புவது என்றால் கல்யாணம் நின்றுபோவது. பெண் வீட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யார் கத்தியது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அவளுக்கு நேர் எதிரே இருந்தவன் ஆண்டியப்பன் ஒருவன்தான். முனியாயியின் முகத்தில் இரத்தமே இல்லை. சொந்த அண்ணன் மகள் கல்யாணம். புருஷன் இல்லாதவள் வாயிலிருந்து அந்தச் சத்தம் வந்தது என்று தெரிந்தால் ஊர் அவளை ஆயுசுக்கும் விடாது.

"நாந்தாங்க" என்றான் ஆண்டியப்பன்.

பெரியகருப்பன் திரும்பினார். "நீயா?"

"ஆமாங்க. முள்ளு. காலுல முள்ளு ஏறியிருக்கு. கல்லுல மிதிச்சுட்டேன், கத்திட்டேன்."

"பொம்பளைக் கொரலாவுல்ல இருந்துச்சு?"

"வலி வந்தா எனக்கு அப்பிடித்தாங்க வரும்."

"ராசாவேன்னு கேட்டுச்சே?"

"புதுக்கோட்டைச் சீமையில இருந்துக்கிட்டு ராசாவைக் கூப்புடாம வேற யாரைங்க கூப்புடுறது?"

கூட்டத்தில் எங்கேயோ ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கியது. பெரியகருப்பன் சிரிக்கவில்லை. அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்க, இன்னொரு தரம் கத்து. நான் கேக்கணும்."

ஆண்டியப்பன் சுற்றிலும் பார்த்தான். பார்த்திருக்கக் கூடாது. முனியாயி வீட்டு மண்சுவருக்கு மேலே, வரிசையாகப் பெண்பிள்ளைகளின் தலைகள். நடுவில் மருதாயி. புதுச் சேலை, தலை நிறையக் கனகாம்பரம். நெஞ்சை நிமிர்த்தி நடக்கவேண்டிய இடம் இது என்று அக்கா சொன்னது ஞாபகம் வந்தது.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். தொண்டையை இறுக்கி, மூக்கால், தன்னால் முடிந்த உச்சத்துக்குப் போனான்.

"என் ராசாவேஏஏ..."

பின்னால் கட்டியிருந்த ஒரு நாய் பதில் கொடுத்தது.

தெருவே சிரித்தது. இளவட்டங்கள் ஒருவன்மேல் ஒருவன் விழுந்தார்கள். மாப்பிள்ளை மாலையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினான். காலையிலிருந்து அவன் சிரித்தது அப்போதுதான். பெரியகருப்பனின் மீசை துடித்தது, அதை அவர் கையால் மூடிக்கொண்டார். சுவருக்கு மேலே இருந்த தலைகளில் ஒன்று குனிந்து காணாமல் போயிற்று. மருதாயி சிரித்துத் தாங்காமல் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

ஆண்டியப்பனுக்குக் காது சுட்டது. போயிற்று, இனிமேல் அந்தக் காற்றுக் கேள்விக்குப் பதில் கண்டுபிடித்தும் பிரயோசனமில்லை என்று நினைத்துக்கொண்டான்.

"தள்ளுங்க, தள்ளுங்க." கூட்டத்தை விலக்கிக்கொண்டு முனியாயி வந்தாள். முகம் கழுவினது போல் தெளிந்திருந்தது. "முள்ளை வச்சுக்கிட்டு ஒரு மனுசன் எம்புட்டு நேரம் நடப்பான்? இந்தா, இப்பிடி ஒக்காரு. காலைக் காட்டு."

வேலாம்பட்டியில் யாருக்கு முள் ஏறினாலும் முனியாயியிடம்தான் வருவார்கள். அதனால் பெண் வீட்டார் யாருக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை. வாசலில் கவிழ்த்துப் போட்டிருந்த உரலில் ஆண்டியப்பனை உட்காரவைத்து, எதிரே குத்தவைத்து உட்கார்ந்து, சுருக்குப் பையிலிருந்து முள்வாங்கியை எடுத்தாள். காலைத் தன் முழங்காலில் வைத்துக்கொண்டாள். குனிந்த தலையை நிமிர்த்தாமல், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினாள்.

"எங்க வீட்டுக்காரரு போனப்ப வாசிச்சது இந்தப் பாட்டுத்தானே?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வண்டிக்குப் பக்கத்தில் ராசாத்தி, சொல்லாதே, சொல்லாதே என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். என்ன கேள்வி என்று தெரியாமலே ஆட்டினாள்.

"ஆமாங்க அயித்தை. அப்ப நான் கொழும்புல இருந்தேன். ஆனா பாட்டு அதேதான்."

"கல்யாணத்துக்கும் அதே பாட்டா?"

"அதேதாங்க. நடைதான் வேற."

முள்வாங்கி தோலை விலக்கியது. அவன் உரலை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"அன்னிக்கு எனக்கு அழுகையே வரலை" என்றாள் முனியாயி. "கல்லாட்டம் ஒக்காந்திருந்தேன், எந்த ஊரு பாண்டு வந்துச்சுன்னுகூடப் பாக்கலை. எல்லாரும் ஒரு மாதிரியாப் பாத்தாக. தெருவுல இந்தப் பாட்டு கெளம்புனப்பறந்தான் வந்துச்சு. இன்னிக்கு அது தானா வந்துருச்சு, நான் என்ன செய்ய?"

முள்வாங்கியின் நுனி இன்னும் கொஞ்சம் உள்ளே போனது.

"நீங்க சாவுப் பக்கமே போறதில்லைன்னா ஒங்கக்கா."

"அக்கா சும்மா சொன்னுச்சுங்க. நேத்து ஆலங்குடியில ஒரு சாவு. வயசான கெழவரு. நல்ல கூட்டம்."

"ம்" என்றாள் முனியாயி. ஒரே இழுப்பு. அவனுக்குக் கண்ணில் பூச்சி பறந்தது.

அவள் எழுந்து நின்று உள்ளங்கையை நீட்டினாள். கருத்த முள் ஒன்று, நெல் நீளத்துக்கு. கையை ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் கொண்டுபோய்க் காட்டி, கடைசியில் பெரியகருப்பனின் மீசைக்குக் கீழே நிறுத்தினாள்.

"நல்லாப் பாத்துக்கங்க. இதை மிதிச்சுக்கிட்டு எந்த ஆம்பளையாச்சும் கத்தாம இருப்பானா? நீங்க இருப்பீகளா?"

பெரியகருப்பன் முள்ளைப் பார்த்தார். "எம்புட்டுப் பெருசு!" என்றார் மரியாதையாக. "சரி சரி, நேரமாச்சு. அடிங்கய்யா."

பெரியண்ணனின் கை முதுகுக்குப் பின்னால் வந்தது. ஒரு விரல், பிறகு இரண்டு, பிறகு என்ன நினைத்தாரோ, மறுபடி நாலு.

முள் போன கால் யாருடையதோ மாதிரி இருந்தது. ஆண்டியப்பன் அதைத் தரையில் வைத்தான், வலிக்கவில்லை. மறுபடி வைத்தான். பிறகு அது தானாகவே போக ஆரம்பித்துவிட்டது. டம் டம் டம் டம். குழந்தைசாமியின் குச்சிகள் பின்னால் ஓடின. பெரியண்ணனுக்கு மூச்சு வாங்க இடம் கிடைக்கவில்லை. இளவட்டங்கள் ஆடுவதை விட்டுவிட்டு ஓடினார்கள். மாடுகள் துள்ளு நடையில் வந்தன. மாப்பிள்ளை ஒரு கையால் தலைப்பாகையையும் இன்னொரு கையால் வண்டியையும் பிடித்துக்கொண்டான். பெண் வீட்டு வாசலுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஆரத்தித் தட்டில் அப்போதுதான் மஞ்சள் கரைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன்யா இம்புட்டு அவசரம்?" என்றாள் தட்டை வைத்திருந்தவள்.

*

பாண்டுக்காரர்களுக்குக் கடைசிப் பந்தி. நாலு பேரும் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பந்தல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். திருப்பதி மூன்றாவது முறையாக, "ராசாவே" என்று மெல்ல இழுத்தான்.

"இன்னொரு தரம் சொன்னே, கொழம்பை ஒந்தலையில ஊத்துவேன்" என்றான் ஆண்டியப்பன்.

ரச வாளியோடு முனியாயி வந்தாள். வரிசையாக ஊற்றிக்கொண்டே வந்து, பெரியண்ணனுக்கு முன்னால் நின்றாள்.

"தை மாசத்துக்குள்ள டிரம்முக்கு வேற ஆளு பாத்துக்கங்க."

பெரியண்ணன் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "ஏந்தாயி? இன்னிக்கு நடந்தது முள்ளால. பையன் நல்லா அடிப்பான்."

"நல்லா அடிக்கட்டும். மாப்பிள்ளையே டிரம்மைக் கட்டிக்கிட்டு வண்டிக்கு முன்னாடி நடந்தா, வண்டியில யாரு ஒக்கார்றது?"

குழந்தைசாமி மெல்லுவதை நிறுத்தினான். திருப்பதியின் முழங்கை ஆண்டியப்பனின் விலாவில் இடித்தது. ஆண்டியப்பன் தன் இலையில் இருந்த ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது ஓரத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. அணை கட்ட அவனுக்குத் தோன்றவில்லை.

"அன்னைக்கு ஒரு நாளைக்குத்தான்" என்றாள் முனியாயி. "மறுநாள்லேருந்து அவன் வேலையை அவன் பாக்கட்டும்."

"சாவுக்குமாங்க?" என்று ஆண்டியப்பன் கேட்டுவிட்டான். பக்கத்தில் திருப்பதி தலையில் அடித்துக்கொண்டான்.

"செத்தவுகளும் போயிச் சேரணும்ல. வீட்டுக்குள்ள வர்றப்ப குளிச்சுட்டு வா, அது போதும்." அவள் இரண்டடி போய்விட்டுத் திரும்பினாள். "ஆனா எம்மக கல்யாணத்துல அந்தப் பாட்டு மட்டும் வேண்டாம்."

பெரியண்ணன் சங்கடத்தோடு கையை உதறினார். "தாயி, எங்ககிட்ட மொத்தம் இருக்கிறதே ஏழு. அதுல நாலாம் நம்பரை எடுத்துட்டா கோயில்லேருந்து பெரிய தெரு வரைக்குந்தான் வர முடியும். அங்கிட்டு வீடு வரைக்கும் சும்மாத்தான் நடக்கணும்."

முனியாயி வாளியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். வேப்ப மரம் இருக்கிற பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

"சரி, வாசிங்க. கெளம்புறதுக்கு முன்னாடி புது ஆளைக் கூட்டிட்டு வாங்க. அவன் காலை நான் பாத்துட்டு விடுறேன்."

அவள் போனதும், சமையல் கொட்டகையின் தட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஆத்தா, காத்துத் தூக்குறவுகளுக்கு எலையில சோறு தீந்துருச்சு பாரு. பாவம், கத்திக் கத்திப் பசிச்சிருக்கும்."

ஆண்டியப்பன் நிமிர்ந்தான். பல மாதமாகத் தேடிக்கொண்டிருந்த பதில் அந்த நேரம் பார்த்து வந்து நின்றது.

"காத்து கனமில்லைங்க" என்றான் தட்டியைப் பார்த்து. "முள்ளுதான் கனம். அதையும் ஒங்க ஆத்தா எடுத்துட்டாக."

தட்டிக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. பிறகு ஒரு அகப்பை சோறு, பரிமாறுகிற பையன் கையில், அவன் இலையைத் தேடி வந்தது. அது இரண்டு பேருக்குப் போதுமான சோறு.

அவன் சாப்பிட ஆரம்பித்தான். சம்மணம் போட்டிருந்த இடது கால் அவனைக் கேட்காமலே தரையில் தட்டிக்கொண்டிருந்தது. வேகமாக. பக்கத்து இலையிலிருந்த ரசம் அதிர்ந்தது. குழந்தைசாமி எச்சில் படாத கையால் அந்தக் காலை அழுத்திப் பிடித்தான்.

"பாயசம் வர்ற வரைக்குமாச்சும் இதைச் சும்மா இருக்கச் சொல்லுடா" என்றான்.